இடது கண்ணில் வெள்ளை

எங்கள் தெருமுனையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குத் ‘தாடை’ என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருஷமாக உட்காருகிறவர்களிடமெல்லாம் “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்லிச் சொல்லி வாங்கிய பட்டம். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவரை ஒருநாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் கேட்டதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீளமான அறை, வெள்ளையும் நீலமுமாக இரண்டு திரை, திருகினால் உயரும் ஸ்டூல். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். இந்த ஊரில் வேலைக்கு மனுப் போட்டவர்களில் பாதிப்பேர் அதற்குள் நுழைந்து வந்தவர்கள்தான். சீப்பை யாரும் பையில் போட்டுக்கொள்ளாதபடி கண்ணாடியோடு கயிறு போட்டுக் கட்டியிருப்பார். முன்பக்க மேசையில் அவர் மனைவி உட்கார்ந்து படங்களை வெட்டிக் கவரில் போட்டுத் தருவார். அந்த அம்மாவின் வாய் கையிலிருக்கும் கத்தரியை விடக் கூர்மை.

தாடையின் பெருமையெல்லாம் திருத்துவதில். பரு, தழும்பு, கருவளையம் எதுவும் அவர் கம்ப்யூட்டரைத் தாண்டி வெளியே வராது. தன் கல்யாணப் படத்திலேயே மனைவியின் எடுப்பான முன்பல்லைப் பிற்பாடு உள்ளே தள்ளிவிட்டார். அந்தப் படம் கடையில் மாட்டியிருக்கிறது. “அந்தப் பொண்ணு யாருன்னு எனக்கு இன்னும் தெரியல” என்று அந்த அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

என் மகளுக்கு இரண்டரை வயதானபோது மழலையர் பள்ளியில் சேர்த்தோம். அடையாள அட்டைக்குப் படமெடுக்க அவர்தான் பள்ளிக்கு வந்தார். கேமராவின் தலையிலேயே ஃப்ளாஷை மாட்டிச் சின்ன அறையில் எடுத்தால் குழந்தைகளின் கண்மணி சிவப்பாக விழும். ஒவ்வொன்றாகக் கறுப்பாக்குவது அவருக்குப் பழகிய வேலை. என் மகளுக்கு வலது கண் சிவப்பாக இருந்தது. இடது கண்ணில் மட்டும் பால் சொட்டு விட்டது போல வெள்ளை. வெளிச்சம் செய்கிற சேட்டை என்று நினைத்து, வலது கண்ணைத் திருத்தி, அதையே நகலெடுத்து இடது பக்கம் ஒட்டிவிட்டார். துளி வித்தியாசம் தெரியவில்லை. அந்த அட்டையை நான் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டி, கண்ணு எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க என்று பெருமையடித்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து வகுப்பையே உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். இருபத்தெட்டுக் குழந்தைகளில் ஒருத்திக்கு மட்டும் வெள்ளை விழுந்திருந்தது. திருத்தப் போனவருக்குக் கை நின்றுவிட்டது. திருத்தாத மூலப் படங்களை அவர் அழிப்பதே கிடையாது. பழையதைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதே குழந்தை, அதே கண். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, உடனே டாக்டரிடம் போகச் சொல் என்றார்.

வீட்டில் மனைவி தடுத்தாராம். வம்பை விலைக்கு வாங்காதீங்க, டாக்டரிடம் போங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நீங்கள் திருத்தியதை எதற்குச் சொல்லவேண்டும் என்றாராம். அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் கவரோடு வாசலில் நின்றார். பெரிய படமாகப் போட்டு விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து, இப்போது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்ளே வந்து இரண்டு படங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“இது நாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்ததும்மா. இதுலயும் வெள்ளை இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். நாளைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

அவர் போனதும் மகளை மடியில் வைத்து, அவளுடைய இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். பேசாமல் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். வலது கண்ணை மூடினேன். என் கையைத் தட்டிவிட்டு அழ ஆரம்பித்தாள். இடது கண்ணில் அவளுக்குப் பார்வையே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

விழித்திரையில் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. கர்ப்பமாக இருந்தபோது நான் விழுங்கிய மாத்திரைகளையெல்லாம் ஒப்பித்தேன். எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது என்று மாமியார் முந்திக்கொண்டார். எதுவும் காரணமில்லை, யாரும் காரணமில்லை என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர் என்று தெரிந்ததும் அவருக்குப் புரிகிற மாதிரி விளக்க ஆரம்பித்தார். கருவிலிருக்கும்போது கண்ணின் செல்கள் வேகமாகப் பெருகும். பிறகு நிற்கவேண்டும். நிறுத்துவதற்கென்றே ஒரு ஜீன் இருக்கிறது. பெருகச் சொல்கிற மற்ற ஜீன்களை நேரம் வந்ததும் மூடி வைப்பது அதன் வேலை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு செல்லிலும் அதற்கு இரண்டு பிரதி. கால் பிரேக்கும் கை பிரேக்கும் மாதிரி. ஒன்று கெட்டாலும் இன்னொன்று பிடிக்கும். செல் இரண்டாகும்போது எல்லாவற்றையும் நகலெடுக்கிறது. நகலில் எப்போதாவது பிழை விழும். ஒரே செல்லில் இரண்டும் பிழையானால் அது நிற்காமல் பெருகிக்கொண்டே போகும்.

“பிறக்கும்போதே எல்லா செல்லுலயும் ஒண்ணு கெட்டுப்போய் வந்திருந்தா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அப்படியானால் வலது கண்ணும் ஆபத்தில்தான் இருக்கிறது, அதன் செல்களில் இன்னும் ஒரே ஒரு பிழை போதும் என்றார் டாக்டரம்மா. இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் கட்டியைப் பரிசோதித்து அந்த இரண்டு பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அவை அவள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று தேடவேண்டும். ஆறு வாரமாவது ஆகும். இடது கண்ணை எடுத்தே ஆகவேண்டும்.

நாலு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி பேசினேன். பருவை அழித்த கை என் பெண்ணின் கண்ணையும் அழித்துவிட்டது என்றேன். அவர் எழுந்து நின்று முழுவதையும் கேட்டார். “ஆமாம்மா” என்றார். யாருக்கும் பதில் பாக்கி வைக்காத அவர் மனைவி, தலையைத் தூக்கவே இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டார். கட்டி கண்ணுக்குள்ளேயே நின்றிருக்கிறது, நரம்புக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு மூன்று மாதம் விட்டிருந்தால் நரம்பைப் பிடித்து மூளைக்குப் போயிருக்கும் என்றார். பலர் கண் வீங்கிப் பிதுங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். போட்டோ எடுப்பவர் என்றேன். அவரைப் பேசியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால். பதினொரு வருஷமாகப் பள்ளிகளில் எடுத்த மூலப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்த குழந்தைகள் அதுவரை நாலு பேர். நாலு வீட்டுக்கும் அவரே நேரில் போயிருக்கிறார். மூன்று பேருக்கு வெளிச்சம் விழுந்த கோணம்தான் காரணம், கண்ணில் ஒன்றுமில்லை. ஒரு பையனுக்குக் கண்புரை இருந்ததைக் கண்டுபிடித்துச் சிகிச்சை நடக்கிறது. ஒரு தகப்பன் அடிக்கவே வந்துவிட்டாராம். “இவருக்கு இது வேணும்” என்று அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். ஆனால் கூடவே உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

“மறைச்சவன் நான்தானேம்மா. நீங்க பேசுனதுல தப்பில்ல” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “வலது கண்ணு?”

இன்னும் தெரியாது என்றேன். அந்த ஆறு வாரமும் என்னை எங்கே பார்த்தாலும் அவர் கேட்டது அது ஒன்றுதான். வலது கண்ணைப் பரிசோதிக்க மகளை மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த நாட்களில் மட்டும், என்ன பதில் வருமோ என்று பயந்து, எதிரில் வராமல் ஒதுங்கிப் போவார்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். கட்டியில் இரண்டு பிழையும் கிடைத்துவிட்டன. ரத்தத்தில் இரண்டுமே இல்லை. இரண்டும் அந்த ஒரு கண்ணில், ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு விழுந்தவை. நூற்றுக்கு நூறு என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, சில வருஷம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருங்கள், ஆனால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வெளியே வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன். என் வீட்டுக்காரர் அப்போது டிப்போவில்தான் இருந்தார், அடித்தால் எடுத்திருப்பார். நான் ஸ்டுடியோவுக்கு அடித்தேன், தாடைதான் எடுத்தார். வலது கண் பத்திரம், பிழை ரத்தத்தில் இல்லை என்று சொன்னேன். உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை என்றேன்.

“எனக்கு ஏம்மா முதல்ல சொல்றீங்க?”

“நீங்கதானேண்ணே முதல்ல பாத்தீங்க.”