தேங்காயெண்ணெயில் ஓடிய பிறேக்

பெற்றோல் மணத்தோடு தேங்காயெண்ணெய் மணம். இரண்டும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மார்கழி விடியல் நினைவுக்கு வரும்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிப் பக்கம், கண்டாவளையில் எங்கள் வயல், வீட்டு வளவு. வளவின் பாலை மரத்தடியில் அண்ணையின் பிக்கப். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்து, பிறகு யாரோ காட்டோரம் விட்டுப்போனது. அண்ணை இழுத்து வந்தபோது அதன் சீற்றில் கோழி அடைகாக்கலாம் போலிருந்தது. பிறகு உண்மையிலேயே ஒரு கோழி அடைகாத்தது.

அவர் அதைத் திருத்தியது ஆசைக்காக அல்ல.

அதற்கு முந்திய மாரியில் மச்சாளை, அதாவது அண்ணையின் மனைவியை, பிள்ளைப்பேற்றுக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். குளக்கட்டு இறங்கியதும் வரும் வாய்க்கால் பாலத்தில் வெள்ளம். வண்டி அங்கேயே நின்றது. பிள்ளையும் அங்கேயே...

அதன் பிறகு அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் மச்சாள் கண்ணை மூடிக்கொள்வா. இப்போது மறுபடி வயிற்றில். மார்கழியில் நாள். அதற்குள் வாகனம் ஓட வேண்டும்.

பழைய எஞ்சினைச் சங்கிலி கட்டிப் பாலைக் கிளையில் தூக்கினார். புதிய டைனமோ வந்தது. புதிய பற்றறி வந்தது. கம்பியால் இழுக்கும் பழைய பிறேக்கைக் கழற்றிவிட்டு, புது மோடல் லொறி ஒன்றின் எண்ணெய்ப் பிறேக்கை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடித்துப் பூட்டினார். மிதித்தால் குழாய் வழியே எண்ணெய் போய்ச் சில்லைப் பிடிக்கும்.

அதற்கான எண்ணெய்தான் இல்லை. இறக்குமதிக்குத் தடை இருந்த காலம். யாழ்ப்பாணத்திலும் இல்லை, கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை.

அண்ணை குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

"இஞ்சாருங்கோ, அது தலைக்கு வைக்கிற எண்ணெய்," என்றா மச்சாள்.

"இதுக்கும் தலை இருக்குத்தானே."

ஆவணி வெயில். யாழ்ப்பாணத்தில் விடுதியில் படித்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். எண்ணெய் தண்ணீர்போல இறங்கியது. வளவுக்குள் மூன்று சுற்று ஓடினார். மிதித்த இடத்தில் நின்றது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கோழிகூட இறங்கி ஓடியது.

மார்கழி விடுமுறைக்கு மறுபடி வந்தேன். மழை விட்டிருந்தது. பனி. ஒரு விடியலில் மச்சாளுக்கு வலி தொடங்கியது.

அண்ணை எஞ்சினை இயக்கிவிட்டார். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, புறப்படும் முன் மச்சாளின் தலையைப் பின்னிவிடலாம் என்று போத்தலை எடுத்துச் சரித்தேன்.

எண்ணெய் வரவில்லை.

வெள்ளையாய்க் கட்டிபட்டிருந்தது. ஒவ்வொரு மார்கழியிலும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அடுப்போரம் வைத்தால் இளகிவிடும். நானும் அடுப்பை நோக்கி நடந்தேன். பாதி வழியில் கால் நின்றது.

வெளியே ஓடினேன். "அண்ணை, பிறேக்கை ஒருக்கால் மிதியுங்கோ."

மிதித்தார். முகம் மாறியது. மறுபடி மிதித்தார். இறங்கி வந்து என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார்.

"என்னவாம்?" உள்ளேயிருந்து மச்சாள்.

"கல்லு மாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணை. அவ்வளவு மெல்லிய குரலில் அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

மாட்டு வண்டி கட்டுவதா? வண்டி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மச்சாளுக்கென்று அடுப்பில் சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்து முன் சில்லுகளுக்குப் போகும் குழாய்களில் ஊற்றினோம். பின் குழாய் சைலென்சரை ஒட்டிப் போகிறது, அது தன்பாட்டில் இளகும் என்றார் அண்ணை. என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது.

மச்சாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. "பிள்ளை பெறப்போறது நான். சுடுதண்ணி வார்க்கிறது வாகனத்துக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மிதி இறங்கியது. புறப்பட்டோம்.

மிச்சத் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிச் சாக்கால் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். தொடை சுட்டது. அது ஆறிவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறு நினைவில்லை. பனிக்காற்று அடியால் வீசியது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணை மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மிதி சற்று இறுகி வந்தது.

எங்கள் பக்கத்தில் சரிவு என்று இருந்தது குளக்கட்டு மட்டும்தான். ஏறி, மேலே நிறுத்தினார்.

"கேத்தலைத் தா, தங்கச்சி."

குனிந்து ஊற்றினார். ஆவி எழுந்தது. கேத்தல் காலி.

இறங்கினோம். பனிக்குள் பாலம் தெரிந்தது. பாலத்தில் கறுப்பாய் ஏதோ. எருமைகள். ஈரமில்லாத இடம் தேடி நடுப்பாலத்தில் படுத்திருந்தன.

அண்ணை மிதித்தார். வேகம் குறையவில்லை. மறுபடி... மறுபடி... என் வலது கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது, அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும். மச்சாளின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. அவவைப் பார்த்தேன். அவ கண்ணை மூடவில்லை.

ஏதோ ஒரு மிதியில் சில்லுகள் முனகின. நின்றோம். ஓர் எருமை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அதன் மூச்சு கண்ணாடியில் புகையாய்ப் படிந்தது.

"கோர்ன் அடியுங்கோ," என்றா மச்சாள்.

"கோர்ன் இன்னும் பூட்டேல்லை."

நான் இறங்கிக் காலிக் கேத்தலைத் தட்டி அவற்றை எழுப்பினேன்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை. வெளியே, வெயிலில் நின்ற பிக்கப்பின் பிறேக்கை அண்ணை கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பஞ்சுபோல இறங்கியது.

இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே குசினித் தட்டில் தேங்காயெண்ணெய் குளிர்காலம் முழுக்க வெள்ளையாய்த்தான் கிடக்கிறது. யாரும் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அண்ணையும் இல்லை, மச்சாளும் இல்லை.

சனிக்கிழமைகளில் கடைக்குக் கூட்டிப்போக அந்தப் பிள்ளை வருவான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அவனுடைய கார், முன்னால் ஏதாவது வந்தால் தானாகவே நிற்குமாம். பனி கொட்டும் றோட்டில், சிவப்பு விளக்கு தெரிந்ததும், என் வலது கால் தரையை அழுத்தும். அவன் ஒவ்வொரு முறையும் கவனிப்பான்.

"மாமி, உங்கட பக்கத்தில பிறேக் இல்லை."

ஓம், தெரியும் என்பேன். காலை எடுக்க மாட்டேன்.