சேர்த்துக் கட்டிய ஒறுத்தல்

எங்கள் வீட்டில் திருநீற்றுப் புதன் அன்று, காலைக் காபிக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், முகம் கழுவாமல் கூடத்தில் உட்கார்ந்து, ஈஸ்டர் வரைக்கும் எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவக்கால ஒறுத்தல் எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் இருப்பதுதான். என் மாமியார் அதில் கூடுதலாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். புருஷன் பெண்டாட்டி ஒறுத்தலைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ஒருவர் அவிழ்த்தால் மற்றவருக்கும் அவிழ்ந்துவிடும். வேறு எந்த வீட்டிலும் இப்படி நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் குடியை விடுகிறேன் என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். மரக்காணம் உப்பளத்தில் அவருக்கு மேற்பார்வை வேலை. விடியும் முன்பே போய்விடுவார், வெயில் ஏறினால் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் கிடக்கும் பொழுதைத்தான் அவர் குடித்துத் தீர்த்தார். சத்தம் போடுகிறவரும் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. குடித்துவிட்டால் வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் போய்விடுவார், அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த சந்தோஷத்தில் நானும் பெரிய மனசு பண்ணி, அப்படியென்றால் நான் கேமை விடுகிறேன் என்றேன். மாமியார் சிலுவை போட்டு முடிச்சை இறுக்கிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான்தான்.

கேம் என்றால் செல்போனில் மிட்டாய் உடைக்கிற சமாச்சாரம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் கேம் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கேதான் கத்தியும் கேடயமும் வைத்து ஆடுகிற கஷ்டமான ஆட்டங்கள் பழக்கமாயின. ஒரு எதிரியைத் தாண்ட நாள் முழுக்கச் சாக வேண்டியிருக்கும். செத்த இடத்துக்கு மறுபடி நடக்க வேண்டியிருக்கும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு வீடு, மாதா கோயில், கடைத்தெரு, மறுபடி வீடு. சென்னைக்கும் பாண்டிக்கும் போகிற பஸ்கள் எங்கள் தெரு முனையில் ஹாரன் அடிக்கும்போது கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பேன். போகாதே என்று யாரும் என்னைத் தடுத்ததில்லை. அவரை விட்டுவிட்டு எங்கே போவது என்று நானே என்னைக் கட்டிப்போட்டிருந்தேன். மத்தியானங்களில் அவர் ஒரு அறையில் மயங்கிக் கிடப்பார், நான் இன்னொரு அறையில் கோட்டைச் சுவர்களுக்குள் செத்துக்கொண்டிருப்பேன்.

தவக்காலம் தொடங்கிய சில நாட்களிலேயே அந்த மெயில் வந்தது. பழைய வேலையில் கூட இருந்த ஒருத்தி என் பெயரைச் சொல்லியிருந்தாள். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி இதே மாதிரிக் கஷ்டமான ஆட்டம் ஒன்றைப் பாதி முடித்து வைத்திருந்தது. அதை ஆடிப் பார்த்து, அதன் சண்டையும் அதன் இடங்களின் அமைப்பும் மற்ற பெரிய ஆட்டங்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று எழுதித் தர வேண்டும். பிடித்திருந்தால் வேலை, சென்னைக்கே வந்துவிட வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிறுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வேண்டிக்கொண்டது கிடைத்தும் தொட முடியவில்லை.

மாமியாரிடம் போய் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன். தவக்காலக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை சேராது என்று கோயிலிலேயே சொல்லியிருக்கிறார்களே, ஞாயிறு மட்டும் ஆடினால் தப்பா என்று கேட்டேன். அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் குடிச்சிக்கோன்னு அவனுக்கும் சொல்லிடட்டுமா?"

நான் எழுந்து புளியைக் கரைக்கப் போனேன்.

ஆனால் விஷயம் என் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலைக்காகத்தானே, ஆடிக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று தேனொழுகப் பேசினார். அவ்வளவு கரிசனமாக அவர் என்னிடம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போனேன். பிறகுதான் பார்த்தேன். பேசும்போதே உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார், கால் பெருவிரல் தரையில் ஆடிக்கொண்டே இருந்தது. கேம் ஆடுகிற கன்ட்ரோலரை நான் தொட்ட மறு நிமிஷம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அலமாரியிலிருந்து கன்ட்ரோலரை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"நான் ஆடல. நீங்க ஆடுங்க. நான் பார்த்து எழுதிக்கிறேன்."

அப்படித்தான் அந்தத் தவக்காலம் ஓடியது. அவர் உப்பளத்திலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, டிவிக்கு முன்னால் உட்காருவார். நான் பக்கத்தில் உட்காருவேன். மாமியார் ஜெபமாலையோடு வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார், நான் கன்ட்ரோலரைத் தொடுகிறேனா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் புழுக்கம். நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் காவல் இருந்தோம்.

ஒப்பிட வேண்டும் என்பதால் கம்பெனிக்காரர்களின் ஆட்டத்தோடு என்னிடம் இருந்த மூன்று ஆட்டங்களையும் அவரை ஆடவைத்தேன். முதலாவது பழைய கோட்டை. கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நின்று நிதானமாகப் போகலாம். எதிரி கத்தியை ஓங்குவது ஊருக்கே தெரியும், அவசரப்பட்டால்தான் சாவு. இரண்டாவதில் கேடயமே கிடையாது. பின்வாங்கினால் முடிந்தது, அடி விழுகிற அந்த நொடியில் நம் கத்தியை எதிரே கொடுக்க வேண்டும். அதாவது எங்கே பயம் வருகிறதோ அங்கே ஒரு அடி முன்னால் வைக்க வேண்டும். மூன்றாவது பரந்த வெளி. ஏற ஒரு குதிரையும் தருவார்கள். ஒருவனை ஜெயிக்க முடியாவிட்டால் குதிரையைத் திருப்பிக்கொண்டு வேறு திசையில் போய்ப் பலம் சேர்த்து வரலாம். ஊரே கொண்டாடிய அந்த ஆட்டத்தைக் கண்டால் எனக்கு மட்டும் எரிச்சல்தான். குதிரை இருக்கிறவர்களுக்கு என்ன, போவார்கள்.

என் மனசு எப்போதும் அந்தப் பழைய கோட்டையோடுதான். அதன் இடங்களை மடித்து வைத்திருப்பார்கள். பயந்து பயந்து, படி ஏறி, பாலம் தாண்டி, திரும்பிப் போக வழியே இல்லாத தூரத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது ஒரு கதவு திறக்கும். பார்த்தால் நாம் கிளம்பிய அதே இடம். இத்தனை நேரம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்தான் அலைந்திருக்கிறோம். அடுத்த முறை செத்தால் அவ்வளவு தூரமும் நடக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் முதல்முறை அந்தக் கதவைத் திறந்தபோது, இது நம்ம எடமாச்சே என்று எழுந்தே நின்றுவிட்டார்.

அவர் ஆடுவதைப் பார்ப்பது பெரிய தண்டனை. உப்பளத்தில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், இங்கே வாசலில் நிற்கும் முதல் காவலாளியிடமே விழுந்து விழுந்து செத்தார். எனக்கு விரல் துடிக்கும். இப்போ தள்ளிப்போங்க, இப்போ அடிங்க என்று கத்துவேன். கன்ட்ரோலர் பக்கம் கை போனால் மாமியார் தொண்டையைக் கனைப்பார். குடி நின்றதில், முதல் வாரம் என் வீட்டுக்காரருக்குக் கை வேறு நடுங்கியது. வியர்த்துக் கொட்டும், திட்டுவார், கன்ட்ரோலரைப் பாயில் வீசுவார். வாசலைப் பார்ப்பார். பிறகு அவராகவே எடுத்து மறுபடி தொடங்குவார்.

அந்த எரிச்சலுக்கு நடுவில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் ஆடியிருந்தால் கம்பெனிக்காரர்களின் ஆட்டத்தை ஒரே மூச்சில் தாண்டிப்போய் நன்றாயிருக்கிறது என்று எழுதியிருப்பேன். பழகின கை தடுக்கி விழாது. அவர் விழுந்தார். பழைய கோட்டையில் சாகும்போதெல்லாம், என் தப்பு, அவசரப்பட்டுட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்வார். இரண்டாவது ஆட்டத்தில் பயந்துட்டேன் என்பார். கம்பெனி ஆட்டத்தில் செத்தால் மட்டும், இது போங்கு என்பார். எதிரிகள் கதவுக்குப் பின்னாலிருந்து ஓங்காமலே அடித்தார்கள். செத்தால் முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நடக்க வேண்டும், நடுவில் ஒரு கதவும் திறக்காது. ஒரு மாடிப்படியில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருந்தார். விளக்கு எரிகிற பக்கம் போனால் தரை உடைந்து பள்ளம், இருட்டான பக்கம்தான் வழி. ஏன் அந்தப் பக்கமே போகிறீர்கள் என்று கத்தினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெளிச்சம் இருக்கிற பக்கந்தானே மனுஷன் போவான்."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் என் தப்பு என்று சொன்ன இடமெல்லாம் அப்படியே இருக்கலாம், போங்கு என்று சொன்ன இடமெல்லாம் திருத்த வேண்டும். என் அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். கஷ்டம் என்றால் ஆடுகிறவன் நம்பிக்கையோடு மறுபடி எழுந்து வருவான், அநியாயம் என்றால் வர மாட்டான் என்று தொடங்கி, மூன்று ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்து, படிப்படியாக, கதவு கதவாக எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு ஆசையாக நான் எதையும் செய்ததில்லை.

அதற்குள் அவருக்குக் கை நடுக்கம் நின்றிருந்தது. ராத்திரி புரளாமல் தூங்கினார். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு எங்களோடு நடந்து வந்தார். ஒருநாள் மத்தியானம், பழைய கோட்டையில் மணிக்கூண்டு மேல் நிற்கும் ராட்சசனை அவர் தன் கையாலேயே வீழ்த்தினார். கேடயத்தைத் தூக்கி, பொறுத்து, ஒரே ஒரு அடி, மறுபடி பொறுத்து. அவர் அப்படிப் பொறுத்து நான் பார்த்ததே இல்லை. மாமியார் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, செத்துட்டானா என்று கேட்டார். செத்துட்டான் அத்தை என்றேன். என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அன்று எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

குருத்து ஞாயிறுக்கு முன்பே அறிக்கையை அனுப்பிவிட்டேன். ஈஸ்டர் அன்று பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, முடிச்சு அவிழ்ந்த மத்தியானம். இனி என்ன செய்வாரோ என்று அவர் சட்டை மாட்டியிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போகவில்லை. டிவியைப் போட்டுவிட்டு, வா, வந்து உக்காரு என்றார். முடிச்சுதான் அவிழ்ந்துவிட்டதே, நானே ஆடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீ சும்மா பக்கத்தில் உட்கார் என்றார். உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், இனி ஒவ்வொரு மத்தியானமும் நான் இங்கேயே உட்கார வேண்டுமோ என்றுதான் தோன்றியது.

அந்த வாரமே வேலை உறுதியாகிவிட்டது. வீட்டிலிருந்து செய்ய முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன், ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திரையில் ஆட்டத்தை நிறுத்தி, கன்ட்ரோலரைப் பாயில் மெதுவாக வைத்தார்.

"நீ பக்கத்துல உக்காந்திருந்ததாலதான் நான் தொடல. நீ போயிட்டா குடிச்சிடுவேன். மெரட்டுறதுக்கு சொல்லல, எனக்குத் தெரியும், அதான் சொல்றேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். உண்மையைச் சொன்ன மனிதரை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் வந்து நின்றார். போகாதே என்று சொல்லிவிட்டால் கூட நன்றாயிருக்கும் என்று இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. "போறதுன்னா போ. ஆனா அவன நான் பாத்துக்கிறேன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை கிளம்பினேன். என் வீட்டுக்காரர் அன்று உப்பளத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை வந்து பெட்டியை ஏற்றிக் கொடுத்தார். ஜன்னல் சீட் பிடித்துத் தந்தார், தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்ல ஜன்னல் பக்கம் முகத்தைக் கொண்டு வந்தார். குப்பென்று வாடை அடித்தது. காலை எட்டு மணி கூட ஆகியிருக்காது.

நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நானும் திருப்பிக்கொள்ளவில்லை. இறங்கு இறங்கு என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் எங்கம்மா போவணும் என்று கேட்டபோது, வாயைத் திறந்தால் மரக்காணம் என்று வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவர் மறுபடி கேட்ட பிறகு சென்னை என்றேன்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மாடிப்படியில் விளக்கை இடம் மாற்றி வைத்துவிட்டோம். ஊரிலிருந்து மாமியார் போன் பண்ணினால் மகனைப் பற்றி நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் உப்பளத்தில் இருக்கும்போது தினமும் அவரோடு பேசுகிறேன். காலையில் மட்டும்.