மூன்று வின்ரருக்கு ஒரு தெர்மல்

இப்போது உங்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், தெர்மலை உடம்போடு ஒட்டப் பார்த்துத்தான் வாங்கித் தருகிறேன். நீங்களோ "இறுக்குது அப்பா" என்று முகத்தைச் சுழிக்கிறீர்கள். இந்த ஊர்க் குளிர்காலத்தில் எனக்கு அளவான தெர்மல் போட்டுக்கொள்ள மூன்றாவது வின்ரர் வரவேண்டியிருந்தது, பிள்ளைகளே.

எனக்கு அப்போது எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த நகரத்தின் மல்வேர்ன் பகுதியில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். எங்களை இந்த நாட்டில் இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்ற அகதிக் கேஸ் முடியாமல் கிடந்தது. கொண்டுவந்த பெட்டிகளை அப்பா கட்டிலுக்குக் கீழே தள்ள விடவில்லை. அவை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றன. வீட்டுக்குப் புதிதாக எது வாங்கக் கேட்டாலும் "முடிவு வரட்டும்" என்பார்.  அம்மா உதட்டை இறுக்கிக்கொள்வார்.

காற்றுக் கடிக்கத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிக் கடைக்குப் போனோம். உடுப்புக்கு உள்ளே போடுகிற தெர்மல், மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று எடுக்கவேண்டும். அங்கே வேலை செய்த தமிழ் அன்ரி ஒருவர் என்னைக் கண்ணாலேயே அளந்து எட்டு வயது அளவை எடுத்துத் தந்தார். போட்டுப் பார்த்தேன். கழற்ற மனம் வரவில்லை, அவ்வளவு இதமாக இருந்தது. அம்மா அதை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, பன்னிரண்டு வயது அளவைக் கையில் எடுத்தார்.

வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாக எடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சப்பாத்து பெரிதென்றால் நுனியில் பஞ்சு வைப்போம். காற்சட்டை நீளமென்றால் மடித்து விடுவோம். அந்த வழக்கம் தெர்மலிடம் எடுபடாது என்று அந்த அன்ரிக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, உது தோலோடை ஒட்டி நிக்கவேணும். தொளதொளவெண்டு இருந்தால் உள்ளுக்கை காத்து ஓடும். பிறகு போட்டாலும் ஒண்டுதான், போடாட்டிலும் ஒண்டுதான்."

"அவன் வளருவான்," என்றார் அம்மா.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "இந்த வின்ரருக்கு அளவா ஒண்டை எடுமப்பா. அடுத்த வின்ரர் எங்கை நிப்பமோ ஆருக்குத் தெரியும்?"

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. அன்ரியைப் பார்த்து, கடைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மூண்டு வின்ரருக்குப் போடவேணும். பெரிசையே தாங்கோ."

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இடைவேளைக்கு வெளியே ஓடினால், காற்சட்டைக்கு உள்ளே அது இடுப்பை விட்டு இறங்குகிறது. முழங்காலில் சுருண்டு பொம்மென்று நிற்கிறது. மிச்சம் கீழால் வந்து சப்பாத்தை மூடிவிட்டது. குளிரோ, அன்ரி சொன்னது போலவே, மேலும் கீழுமாக ஓடி விளையாடியது.

"டேய், உன்ரை கால் உருகி வழியுதடா!" என்றான் என் வகுப்புத் தமிழ்ப் பெடியன் ஒருவன். முற்றம் முழுக்கச் சிரித்தது.

கழிவறைக்குப் போய் இரண்டையும் கழற்றிப் பையில் திணித்தேன். பின்னேரம் பல் கிடுகிடுக்க வீடு வந்து, அம்மாவின் காலடியில் எறிந்தேன்.

"இனிப் போடமாட்டன்."

"போடுவாய்."

"விறைச்சுச் செத்தாலும் போடமாட்டன்!"

"செத்துப் பாரன். அப்பவும் போட்டுத்தான் விடுவன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அவன் சொல்றதும் சரிதானே. வெட்டிச் சின்னனாக்கி விடுமன்."

"வெட்டமாட்டன்."

அம்மா ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். இடுப்பிலும் காலிலும் கையிலும் துணியைப் பிடித்துப் பிடித்து, இரண்டு வரிசையாகத் தைத்தார். இழுத்தால் பிரிந்து வருகிற பெரிய தையல். "வருசத்துக்கு ஒரு வரிசை பிரிப்பன்," என்றார், யாருக்கென்று இல்லாமல். அப்பா எழுந்து போய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து, அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தார்.

அடுத்த வின்ரருக்கு அம்மா முதல் வரிசையைப் பிரித்தார். கேஸ் முடியவில்லை. அதற்கடுத்த வின்ரருக்கு இரண்டாவதையும் பிரித்தார். தெர்மல் என் உடம்போடு ஒட்டி நின்ற அந்த வின்ரரில்தான், நாங்கள் இங்கேயே இருக்கலாம் என்ற கடிதம் வந்தது. அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

இதெல்லாம் அந்தத் திங்கட்கிழமை எனக்கு எங்கே தெரியும்? தைத்து முடித்ததை அம்மா போட்டுப் பார்க்கச் சொன்னார். சூடாகத்தான் இருந்தது. ஆனால் நூல் முடிச்சு ஒன்று முழங்காலில் குத்தியது. அம்மா இவ்வளவு பிடிவாதமும் என்னோடுதான் பிடிக்கிறார் என்று நினைத்து, நானும் விடுவதில்லை என்று இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.