புதுச் சட்டிச் சோறு

ஆவணி விடுமுறைக்கு லண்டனிலிருந்து சித்தப்பாவின் மகன் வந்திருந்தான். பாய் கட்டிய படகில் போக வேண்டும், கடலுக்குள் முகம் புதைத்து மீன் பார்க்க வேண்டும் என்று வந்த நாள்முதல் ஒரே பிடி. எங்கள் கரையில் ஆட்களைச் சின்னக் குழுவாக ஏற்றிக்கொண்டு அப்படிப் போய்வருகிறவர் அத்தான், என் அக்காவின் கணவர். அவருடையது மயிலிட்டியில் கடல்தொழில் செய்யும் குடும்பம். நாங்கள் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிறவர்கள். அக்கா அவரைக் கலியாணம் செய்த நாளிலிருந்து அப்பா அவர்களுடைய படலையைத் தாண்டியதில்லை. அந்த வீட்டுத் தண்ணீர்கூட அவர் வாயில் பட்டதில்லை. இந்தக் காலத்திலுமா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் பேசிப் பார்க்கட்டும்.

தன் தம்பியின் பிள்ளையைத் தனியாகக் கடலுக்கு விட முடியாது என்று சொல்லி அப்பாவும் வரச் சம்மதித்தார். அது வெறும் சாக்கு, மகளைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நான் நம்பினேன். அக்காவும் நம்பினாள். அன்றிரவே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்ரை கையாலை காய்ச்சினதை அவர் ஒரு வாய் சாப்பிட்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம். நீ பக்கத்திலை இருந்து பார்த்துக்கொள்."

லண்டன் தம்பி சனிக்கிழமை போகலாம் என்றான். அப்பா வெள்ளிக்கிழமைதான் என்று நின்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் படாது. கடலோர வீட்டுச் சாப்பாடு என்றால் மீன் இருக்கும். மாட்டேன் என்று வாய் திறந்து சொல்லாமலே ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் அக்கா அவருடைய மகளல்லவா, அதே மூளை. சந்தைக்குப் போய்ப் புது மண்சட்டிகளும் புது அகப்பையும் வாங்கி, காலையில் தலைக்குத் தோய்ந்துவிட்டு, சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் காய்ச்சி, அடுக்குப் பாத்திரத்தில் கட்டி அத்தானிடம் கொடுத்துவிட்டிருந்தாள். தான் கரைக்கு வந்தால் அப்பா படகில் ஏறாமல் திரும்பிவிடுவாரோ என்று பயந்து வீட்டிலேயே நின்றுகொண்டாள்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் பாய் நன்றாகப் பிடித்தது. கரையோரமாகக் கிழக்கே போனோம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த ஆட்கள் இன்னும் திரும்பி வராத வீடுகள் கூரையில்லாமல் நின்றன. வானம் மூடிக் கிடந்தது, கடலும் அதே சாம்பல் நிறம். அத்தான் அப்பாவுக்கு ஒரு கை தூரத்தில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உந்தப் பெடியனிட்டைக் கேள், எத்தனை மணிக்குத் திரும்புறது எண்டு."

"ரண்டு மணிக்குத் திரும்பீடலாம், மாமா" என்றார் அத்தான்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரண்டு மணிக்காம்" என்று நான் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். இப்படியே வழி முழுவதும் நான் தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு வந்தேன். எரிச்சல் தலைக்கேறியது.

பவளம் வளர்ந்த முருகைக்கல் இருக்கும் இடத்தில் அத்தான் நங்கூரம் போட்டார். தம்பி குதித்துவிட்டான். நானும் மிதவைச் சட்டையை மாட்டி, கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் வைத்துக்கொண்டு இறங்கினேன். படத்தில் காட்டுகிற வண்ணமெல்லாம் அங்கே இல்லை. பாதிக்கு மேல் செத்து வெளிறிய கல். அதன் மேலே ஒரு கிழிந்த வலை. சில கோடு போட்ட மீன்கள் அதற்குள் புகுந்து புகுந்து வந்தன. என் மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. மேலே ஏறவே மனம் வரவில்லை.

ஏறியபோது அத்தான் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து அப்பாவின் முன்னால் வாழையிலை விரித்திருந்தார்.

"மாமா, புதுச் சட்டியிலை காய்ச்சினது. மச்சம் படேல்லை. உங்கடை மகள் விடியவே எழும்பினவ."

அப்பா சோற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கை நீளும் என்றே நினைத்தேன்.

"எனக்குப் பசியில்லை எண்டு சொல்லு" என்றார் என்னிடம். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான் இலையில் விழுந்த ஒரு துளி உப்புத்தண்ணீரை விரலால் துடைத்தார். அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. தம்பிக்கு நீந்திய பசி.

"பெரியப்பா, நீங்கள் சாப்பிடாட்டி நான் எடுக்கட்டோ?"

அப்பா தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது அக்கா கரையில் நின்றாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அத்தானின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கியதும் பாரம் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும், முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்ல வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"அக்கா, கத்தரிக்காய் நல்ல ருசி. பெரியப்பாவின்ரை பங்கையும் நான்தான் முடிச்சனான்."

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்பாகத்தான் சொன்னான்.

"நல்லது தம்பி" என்றாள் அக்கா. கழன்றிருந்த மூடியை இறுக்கி மூடினாள். வாகனத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த அப்பாவின் பின்னால் இரண்டடி போனாள்.

"அப்பா, பசியோடை போகாதேங்கோ. உங்களுக்குப் பிரஷர் குளிசை போட வேணும். வழியிலை கடையிலை எண்டாலும் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

அவர் திரும்பவில்லை. ஆனால் சொன்னதைக் கேட்டார். தெல்லிப்பழையில் ஒரு சைவக் கடையைக் கண்டதும் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். தோசை வந்தது. சாம்பாரை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை.

உள்ளே புகைக்குள் நின்று தோசை சுட்டவர் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று அப்பா கேட்கவே இல்லை.