ரீஸ்டார்ட் செய்ய மறுத்தவள்

மாடில்டா வேலையை விட்டுப் போனது தீபாவளிக்கு முந்தைய திங்கட்கிழமை. மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில், லோரிகளை நிறுக்கும் எடை மேடைகளுக்குக் கணினி செய்து விற்கும் சிறிய நிறுவனம் அது; அவள் அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். அன்று மதியம்தான் எல்லாருக்கும் முறுக்குப் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். அவள் பொட்டலத்தோடேயே படியிறங்கினாள்.

"வேலை வேணாம், முறுக்கு மட்டும் வேணுமா?" என்றார் முதலாளி தனபாலன்.

"முறுக்கு மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல பாஸ்."

அவளோடு பள்ளியில் படித்த நான் அப்போது நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். கோல சிலாங்கூருக்குத் திரும்பிய பிறகு அவளும் வேலம்மாக்காவும் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வேலம்மாக்கா ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடை கிராணி, எடையைப் பதியும் கணக்கர். பழம் ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு முறை, காலியாகி வெளியே போகும்போது ஒரு முறை எடை பார்க்க வேண்டும். பழம் குவியும் மாதங்களில், தனபாலன் விற்ற அந்தக் கணினி திடீரென்று உறைந்துவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. அணைத்துப் போட்டால் ஓடும். ஆனால் கடைசியாகப் பார்த்த எடை காணாமல் போயிருக்கும். லோரியோ யார்டுக்குள் போய்ப் பழத்தைக் கொட்டியிருக்கும். வேலம்மாக்கா, தான் பார்த்த எடையைக் கையால் தட்டிப் பதிவார். கைப்பதிவுகள் பெருகியதும் லோரிக்காரர்களோடு கூட்டு என்று ஆலை சந்தேகப்பட்டது. அவரை வீட்டுக்கு அனுப்பியது.

"எடை திருடுற கிராணின்னு தோட்டத்துக் கிராணிங்கள எங்கப்பா லயத்து வீட்டுல உக்காந்து ஏசுவாரு," என்று மாடில்டாவிடம் சொல்லியிருக்கிறார். "எங்க வீட்டுல மொத கிராணி நான்தான். அந்தப் பேரு என் தலையிலேயே விடிஞ்சிருக்கு பாரு."

தனபாலனுக்கு வழி சுலபமாக இருந்தது. கணினி உறைந்தால் அதுவே தன்னை அணைத்துப் போட்டுக்கொள்ளும்படி ஒரு ஏற்பாடு.

"அணைச்சுப் போட்டா தடயம் போயிரும் பாஸ். உறைஞ்சபடியே விட்டாத்தான் எது எதுக்காகக் காத்திருக்குன்னு பாக்க முடியும்."

"லோரி ரோடு வரைக்கும் நிக்கும்மா. யாரு பதில் சொல்றது?"

"சரி, மெஷின் கோளாறுன்னாச்சும் ஆலைக்கு எழுதிக் கொடுங்க. வேலம்மாக்கா பேரு போகுது."

"எழுதினா நம்ம மெஷின எவன் வாங்குவான்?"

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை.

கோல சிலாங்கூரை ஒட்டிய பாசிர் பெனம்பாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் அவளும் தம்பி எலியட்டும் வாடகைக்கு இருந்தார்கள். கீழே மீன் பெட்டிகள் இறங்கும். மேலே, அதே வகைப் பழைய கணினி ஒன்றை வாங்கி, அதன் நினைவகத்தில் பாதியைப் பிடுங்கிவிட்டு, பொய்யான லோரிப் பதிவுகளை அதற்குள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். உறைந்த நிலையில் அதைப் பிடிக்கத்தான். ஆனால் அது உறைய மறுத்தது. கடல் உணவுக் கடைகளின் கல்லா இயந்திரங்களைப் பழுது பார்த்து வயிற்றைக் கழுவினாள். ஒரு நாள் காலையில் அந்தப் பழைய கணினியின் திரை நின்றுவிட்டது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு லா," என்றான் எலியட்.

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

கண்டது இதுதான். எடையை எழுதும் நிரல், ஒரு நேரத்தில் ஒருவரே எழுதும்படி காக்கும் கோப்புப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நினைவகம் கேட்கிறது. இடமில்லை. இயங்குதளம் இடம் உண்டாக்க, நினைவகத்தில் கிடக்கும் பழைய பதிவுகளை வட்டுக்கு அனுப்பப் போகிறது. அனுப்ப அதே பூட்டு வேண்டும். பூட்டு வைத்திருப்பவனோ இடத்துக்காகக் காத்திருக்கிறான். கொல் என்று கட்டளையிட்டாலும் சாகாத காத்திருப்பு.

பார்க்க வந்த வேலம்மாக்கா சிரித்துவிட்டார். "யார்டு நிறைஞ்சிருக்கையில லோரிக்காரன் செல்லையா வண்டிய டிம்பாங் மேடை மேல ஏத்திட்டு நிப்பானே, அதானே இது? அவன் உள்ள போக எடமில்ல. காலி லோரி வெளிய போகவும் அதே டிம்பாங்தான். ஹாரன் அடிச்சே சாவானுங்க."

"அதேதாங்கா. செல்லையாவ எறக்கணும்."

அங்கேதான் அவள் தவறினாள். பாதி வேலையில் பூட்டை விட்டுவிட்டு, இடம் கிடைத்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி திருத்தி, அந்த இயங்குதளத்தை உலகெங்கும் இருந்து பொதுவில் பராமரிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினாள். எங்கோ இருந்து ஒருவர் கடுகடுப்பாக எழுதினார்: நீ பூட்டை விட்ட இடைவெளியில் இன்னொரு நிரல் புகுந்து கோப்பைக் கெடுக்கும், சோதித்தாயா? அவள் கணினியை மூடிவிட்டு அன்று முழுவதும் எலியட்டிடம் எரிந்து விழுந்தாள். சோதித்தாள். கெட்டது.

அடுத்த திருத்தம் வேறு மாதிரி. பூட்டை விட வேண்டாம். பூட்டு கையில் இருக்கும்போது நினைவகம் கேட்டால், இந்தக் கோப்புகள் பக்கம் போகாதே, வேறெங்காவது இடம் உண்டாக்கு என்று முன்கூட்டியே குறிப்பு எழுதி வைப்பது. அனுப்பினாள். பதிலில்லை. மறுபடி அனுப்பினாள். "வெள்ளைக்காரன் உன்னைய மறந்துட்டான்," என்றான் எலியட். "மறக்க விட்டாத்தானே!" மழைக்காலம் முழுக்க அனுப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில், சேர்த்துக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது.

அந்த ஒரு வரியோடு ஆலை மேனேஜர் லியோனார்டின் அறைக்குப் போனாள். "இயங்குதளத்தோட புதுப் பதிப்பு வந்ததும் தனபாலன் பாஸ் இதத்தான் போட்டாகணும், அவருக்கு வேற வழியில்ல. அப்புறமும் கைப்பதிவு வருதான்னு பாருங்க சார். வரலன்னா திருடு போனது எடையில்ல, வேலம்மாக்கா பேரு." அவர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதவை மூடாமல் வந்தாள்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. அடுத்த பழக்காலம் உச்சத்தில் இருந்தபோது, நான் அவளோடு ஆற்றோரக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேலம்மாக்காவின் செய்தி வந்தது. படித்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினாள்:

"மாடில்டா, புதுப் பதிப்பு போட்டப்புறம் மெஷின் ஒரு தடவ கூட நிக்கலையாம். மேனேஜரு வேலைக்குக் கூப்பிட்டாரு. லோரிக்காரனுங்க எல்லாரு முன்னாலயும் நான் திருடலன்னு சொல்லுங்க, அப்புறம் வரேன்னேன். பத்து நாளா சொல்லல, நானும் போகல. இன்னைக்கு டிம்பாங் பக்கத்துல நின்னு சொன்னாரு. செல்லையா ஹாரன அமுக்குனவன் கையவே எடுக்கல. நாளைக்கு என் நாற்காலியில உக்காருறேன். மெஷின் மறுபடி நின்னுச்சுன்னா உன்னையத்தான் ஏசுவேன் லா."