மாடிப்படிக்குக் கீழே குவைத்

போன வாரம் செல்போனில் வாசுகியின் பேட்டி ஒன்றைப் பார்த்தேன். இப்போது அவள் சென்னையில் யூடியூபில் நிகழ்ச்சி நடத்துகிறாள். வருகிற விருந்தாளியை வாயாலேயே வறுத்தெடுப்பாள், ஊரே ரசிக்கிறது. "நீங்க ஃபேமஸான அந்த நாள்ல ரூம்ல யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டார்கள். "நானு, எங்கப்பா, கேபிள் ஓனரு. மூணே பேருதான்" என்றாள்.

மூன்று இல்லை, நான்கு. வாசுகி, அவள் அப்பா, கேபிள்கார முத்து அண்ணன், கதவோரம் நான். படம் பிடிக்கும் விளக்கின் சூட்டில் சொக்கிக் கிடந்த பல்லியும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அந்த விளக்கைப் போட்டதும் தூசி கருகும் வாசனை வரும். இன்றும் எங்காவது அந்த வாசனை வந்தால் நான் கதவோரமாகப் போய் நின்றுகொள்வேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. விருத்தாசலத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் லோக்கல் சேனல். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் அங்கே ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, போன் செய்தால் பாட்டுப் போடும் நிகழ்ச்சி. வாசுகிக்கு அப்போது பத்தொன்பது வயது.

அவள் அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. சாமான்களுக்கு இடையில் வைக்கோல் செருகிப் பெட்டியில் அடுக்க வேண்டும். சட்டையில் வெள்ளைப் பொடியோடு நேராக வந்து மூலையில் உட்காருவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் பாக்கறேன் பாப்பா. நாலு பேரு கூப்புட்டா இருக்கட்டும். யாரும் கூப்புடலன்னா எங்கூட பேக்கிங்குக்கு வந்துடு." வாசுகிக்கு வைக்கோலைப் பார்த்தாலே தும்மல்.

முதல் இரண்டு நாள் ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் முத்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கீழ டெலிபோன் பூத்துக்குப் போயி நாலு பேரா பேசுடா" என்றார்.

அப்படித்தான் நான் கருவேப்பிலங்குறிச்சி விவசாயி ஆனேன், எங்கள் பக்கத்து மங்களூர் வாத்தியார் ஆனேன். சொன்ன ஊரையே திரும்பச் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டு யார் கையிலாவது கிடைத்துவிடுமோ என்று அதையும் கிழித்துப் போடுவேன். தெருவில் எந்த ஜீப் போனாலும் டெலிபோன்காரர்கள் என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைப்பேன். என் குரலைக் கண்டுபிடித்துவிட்ட வாசுகிக்கோ இது விளையாட்டாகிவிட்டது. "வாத்தியாரே, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க, பாட்டு போடறேன்" என்பாள். நான் பத்திலேயே முக்குகிறவன். போனை வைத்துவிடுவேன். "லைன் கட்டாயிடுச்சு" என்று அவள் கேமராவைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவள் ஃபேமஸான அந்த நாளிலும் கீழே போனேன். பூத்து பூட்டிக் கிடந்தது. இதைச் சொல்லலாமென்று பதறி மேலே வந்தேன். முகத்தில் விளக்கு அடித்ததால் கதவோரம் நான் நிற்பது வாசுகிக்குத் தெரியவில்லை. அதே சமயம் போன் அடித்தது.

"குவைத்துலேருந்து யூசுப் பேசறேன். மங்கலம்பேட்டைல எம்மவளுக்கு இன்னிக்கிப் பொறந்த நாளு..."

"குவைத்தா? நேத்து மங்களூரு, இன்னிக்கி குவைத்தா? ஒரு மாடிப்படிக்குள்ள எத்தன ஊரு சார் வெச்சிருக்கீங்க?"

"இல்லம்மா, நான் நெசமாவே..."

"நெசமாவே கீழதான இருக்கீங்க. மேல வாங்க, டீ ஆறுது."

நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை மங்கலம்பேட்டை வரை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள்.

லைன் கட்டானதும் மறுபடி மணி அடித்தது. ஒரு பெண் குரல். "யூசுப் வூட்டுலேருந்து பேசறேன். அவங்க விருத்தாசலத்துலயா இருக்காங்க? எங்க வாப்பா வண்டி எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்க."

"அக்கா, அவரு குவைத்துலதான் இருக்காரு. சத்தியமா. தப்பு எம்மேல. வாப்பாவத் திருப்பிக் கூப்புடுங்க."

"அப்ப கீழ இருக்கறது யாரு?"

வாசுகி அவசரமாகப் பாட்டைப் போடச் சொன்னாள். மூலையிலிருந்து அவள் அப்பா எழுந்து என்னிடம் வந்தார்.

"தெனமும் பேசினது நீதானா தம்பி?"

கேட்டது ஒரு கேள்விதான். நான் விவசாயி, வாத்தியார், நெய்வேலி டிரைவர், அவர் கேட்காத ஒரு கல்யாணப் புரோக்கர் என்று எல்லோரையும் ஒப்புக்கொண்டேன். அவர் மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசுகி நாற்காலியை விட்டு எழவில்லை, கண் நிறைந்துவிட்டது.

போன் அடித்தது. யாரும் தொடவில்லை. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே எடுத்தார். "யூசுப்பு வூடு வந்து சேந்துட்டாரா?" என்று ஒருவர். வைத்ததும் இன்னொருவர். மூன்றாவதாக வந்தவர், "அந்தப் பொண்ணு என்னயும் அந்த மாதிரி நாலு கேள்வி கேக்குமா?" என்றார்.

அவர் பையைக் கழற்றி மேசையில் வைத்தார். முத்து அண்ணனிடம், "நாளையிலேருந்து இந்தத் தம்பியக் கீழ அனுப்பாதீங்க" என்றார்.

அடுத்த நாள் முதல் திட்டு வாங்கவே ஊர் வரிசையில் நின்றது. யூசுப்பும் ஊருக்கு வந்தபோது ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு நேரில் வந்து திட்டு வாங்கிப் போனார். எனக்குத்தான் லைனே கிடைக்காது. இரண்டு வருடத்தில் அவளைச் சென்னை கூப்பிட்டுக்கொண்டது. டிஷ் வந்தது, சேனல் போனது. அந்த மாடியில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார்.

பேட்டியின் கீழே, "நாலாவது ஆளும் இருந்தாங்க மேடம்" என்று எழுதலாமா என்று யோசித்தேன். என்ன ஆதாரம் என்று யாராவது கேட்டால்? அந்த நாளைப் பதிந்த கேசட் ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் மறுவாரமே முத்து அண்ணன் யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தைப் பதிந்துவிட்டார்.