வெட்டாமல் வாங்கிய இருபது அடி

முட்டி ஆபரேஷன் முடிந்து அம்மா நாளை எங்கள் வீட்டுக்கு வருகிறார். அறையிலிருந்து பாத்ரூம் வரை அவர் பிடித்து நடக்கச் சுவரில் பைப் அடிக்கவேண்டும். இன்று கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனோம்.

நான் அளந்தது பதின்மூன்று அடி.

"ஒரு பைப் இருபது அடி, அக்கா. வெட்டிடவா?" என்றார் கடைக்காரர்.

அம்மாவிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத என் கணவர் குறுக்கே வந்தார்.

"வெட்டாதீங்க பாஸ். மிச்சம் ஏழடி, அதே சுவத்துல கிச்சன் வரைக்கும் போகும். அத்தை எப்படியும் டீ கலக்க எழுந்து போவாங்க. நம்ம சொன்னா கேப்பாங்களா?"

கிச்சனுக்குச் சரியாக ஏழடி என்று இவர் எப்போது அளந்தார்?

எங்கள் காரை மட்டும் அளக்கவில்லை. பைப்போடு கடை வாசலில் நிற்கிறோம். லோரி வைத்திருக்கும் நல்ல உள்ளங்கள் யாராவது இந்தப் பக்கம் இருக்கிறீர்களா?